இளங்குற்றவாளிகளை வயது வந்தோராக விசாரித்தல் (இந்தியா)

பதினெட்டு வயது நிரம்பாத ஒருவன் கொடிய குற்றம் புரிந்தான் என்று குற்றஞ்சாட்டப்படும்போது, அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்திச் சீர்திருத்தத்திற்கு அனுப்புவதா, அன்றி வயது வந்தோரைப் போலவே விசாரித்துச் சிறைத்தண்டனை விதிப்பதா என்னும் பிரச்சினை, 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டந்தொட்டு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வரையில் இந்நாட்டுச் சட்டமியற்றுவோரையும் நீதிபதிகளையும் விடாது பற்றி வந்திருக்கிறது. இதன் வரலாறு இரு கேள்விகளின் வரலாறு எனலாம். தான் செய்வது இன்னதென்று உணர்ந்துதான் இப்பிள்ளை செய்தானா என்பது ஒன்று. இனி இவனைத் திருத்த இயலுமா என்பது மற்றொன்று. முதற்கேள்வியோடு தொடங்கிய சட்டம், சிறிது சிறிதாக இரண்டாவதை வந்தடைந்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதிலேயே நிலைத்திருந்து, பின்னர் முதற்கேள்விக்கே மீண்டது.

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் குற்றம் புரியவே இயலாதவன் என்று விலக்கி, ஏழுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவனை, அவன் தீமையை அறிந்தே செய்தான் என்பது மெய்ப்பிக்கப்பட்டாலன்றித் தண்டிக்கலாகாது என்று வரையறுத்திருந்தது இங்கிலாந்தின் பொதுச் சட்டம். மெக்காலேயின் தலைமையில் 1837இல் வரையப்பெற்று 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், ஏழு என்னும் எல்லையை 82ஆம் பிரிவில் அப்படியே ஏற்றுக்கொண்டு, மேல் எல்லையை மட்டும் 83ஆம் பிரிவில் பன்னிரண்டாகக் குறைத்தது. ஏழைக் கடந்து பன்னிரண்டை எட்டாத பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரத்தக்க விவேக முதிர்ச்சி இல்லையெனில் அவன் செய்தது குற்றமன்று. அம்முதிர்ச்சியை அளக்கக் கருவி ஏதும் இல்லாமையால், களவாடிய பொருளை ஒளித்து வைத்தானா, கேட்டபோது பொய்யுரைத்தானா, ஊரை விட்டு ஓடினானா என்று அவனுடைய நடத்தையைக் கொண்டே நீதிபதிகள் அதனை ஊகித்தனர். பன்னிரண்டு வயது நிரம்பியவனுக்கோ இப்பிரிவிலும் இடமில்லை. அவன் வளர்ந்த மனிதர் நிற்கும் கூண்டிலேயே நின்று, அவர்கள் அடைபடும் சிறையிலேயே அடைபட்டான்.

சிறைச்சாலையே குற்றத்திற்குப் பாடசாலையாகிவிடுவதைக் கண்ட சர்க்கார், 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டத்தை இயற்றி, 1897இல் அதனைப் புதுப்பித்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவனைச் சிறைக்குப் பதிலாக மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை இத்தகைய பள்ளியில் வைத்துத் தொழிலும் எழுத்தும் கற்பிக்கலாம் என்பது அதன் சாரம். சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டில் அமைந்த சீர்திருத்தப் பள்ளி இவ்வகையைச் சேர்ந்தது. ஆயினும் விசாரணை மட்டும் பழைய நீதிமன்றத்திலேயே நடைபெற்றது. விசாரிக்கும் மன்றமே வேறாதல் வேண்டும் என்னும் எண்ணம் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1899இல் நிறுவப்பெற்ற சிறார் நீதிமன்றத்தால் உலகெங்கும் பரவியது. சென்னை நிர்வாக சபையில் அங்கம் வகித்த சர் அலெக்சாந்தர் கார்டியூ தலைமை ஏற்ற 1919-20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைச்சாலைக் குழு அவ்வெண்ணத்தை இந்நாட்டிற்கும் பரிந்துரைத்தது. அவ்வறிக்கை வெளிவந்த காலத்தை ஒட்டியே, 1920இல், சென்னைக் குழந்தைகள் சட்டம் பிறந்தது. சிறாருக்கென்று ஒரு மாகாணம் இயற்றிய முதற்சட்டம் இதுவே. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் இதனைப் பின்பற்றின.

அடுத்து வந்த 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டத்தைத் தமிழர் இன்று பெரும்பாலும் மறந்துவிட்டனர். மறக்கத்தக்க சட்டம் அன்று அது. இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரைத் தாங்கிய அம்முறைப்படி, பதினாறுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட இளைஞனைச் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் பார்ஸ்டல் பள்ளியில் பயிற்றுவிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் கிடைத்தது. பாளையங்கோட்டையில் இருந்த பார்ஸ்டல் பள்ளி நெல்லைச் சீமையில் பலரும் அறிந்த பெயர். இருபது வயது இளைஞனையும் திருத்தத்தக்கவன் என்று அந்நிய ஆட்சிக் காலத்துச் சட்டமே நம்பியது என்பதை, பிற்காலத்தில் பதினாறு வயதிலேயே அந்நம்பிக்கையைக் கைவிட முற்பட்டோர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின், 1960ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ஒன்றியப் பிரதேசங்களுக்காக இயற்றப்பெற்று, ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18 என வயதை வகுத்தது. மாநிலத்திற்கு மாநிலம் சட்டம் வேறுபட்டதால் நேர்ந்த குழப்பத்தையும், சிறைகளில் சிறார் அடைபட்டுக் கிடந்த அவலத்தையும் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடர்ந்த வழக்கில் கண்ணுற்ற உச்ச நீதிமன்றம், நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று வற்புறுத்தவே, 1986ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதே வயதெல்லைகளோடு உருவாகி 1987 அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றதன் பயனாக, 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலர்க்கும் 18 என்று பொது எல்லை விதித்தது. செய்த குற்றம் எதுவாயினும், சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஒருவரையும் வைத்தலாகாது என்பதே அதன் உச்ச வரம்பு.

வயதெல்லை எத்தனை தெளிவாக இருப்பினும், ஒருவனுடைய வயதை நிச்சயிப்பது எளிதன்று. தலைக்கு மேலாகக் கையை வளைத்து மறுகாதைத் தொடச்செய்து, தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆயிற்றென்று பள்ளியில் சேர்த்து, ஜூன் மாதத் தேதி ஒன்றைப் பதிவேட்டில் தலைமையாசிரியரே எழுதிவிடுவது நம் கிராமங்களில் நெடுநாள் வழக்கமாயிருந்தது. சட்டமோ பள்ளிச் சான்றிதழையே முதலிற் கொள்கிறது. அஃது இல்லாவிடில் பிறப்புப் பதிவு. அதுவும் இல்லாவிடில் எலும்பு வளர்ச்சியைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை. எக்ஸ்ரேயால் காட்டப்படும் வயதோ இரண்டாண்டு வரையில் முன்பின் ஆகக்கூடும். ஆகவே, ஒருவன் சீர்திருத்த இல்லத்திற்குச் செல்வதும் தூக்குமேடைக்குச் செல்வதும், என்றோ ஒரு நாள் காது தொட்ட சிறுவனுக்காக யாரோ எழுதிய தேதியைப் பொறுத்ததாகிவிடுகிறது. கணக்கிட வேண்டியது குற்றம் நிகழ்ந்த நாளின் வயதையா, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட நாளின் வயதையா என்பதிலும் உச்ச நீதிமன்றத்திற்குள்ளேயே கருத்து மாறுபாடு நேர்ந்து, 2005இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு குற்றம் நிகழ்ந்த நாளே அளவுகோல் என்று முடிவு செய்தது. 2006ஆம் ஆண்டின் திருத்தமோ, வழக்கு முற்றிலும் முடிந்த பின்னரும் இளம்பிராய உரிமையை எழுப்பலாம் என்று இடமளித்தது. அவ்விடத்தின் அருமை 2023 மார்ச்சில் விளங்கிற்று. 1994இல் புனேயில் எழுவர் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பெற்று, அத்தண்டனை உச்ச நீதிமன்றத்தாலும் உறுதிசெய்யப்பெற்ற ஒருவர், குற்றம் நிகழ்ந்தபோது பன்னிரண்டரை வயதுச் சிறுவராயிருந்தார் என்பது ராஜஸ்தானத்துப் பள்ளிப் பதிவேட்டால் தெரியவந்து, அந்நீதிமன்றமே அவரை விடுவித்தது. சட்டம் அனுமதித்த காவல் மூன்றாண்டு. அவர் சிறையிற் கழித்ததோ இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல்.

2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, டில்லியில் ஓடும் பேருந்தில் இளம்பெண் ஒருவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் உயிரிழந்த கொடுஞ்செயல் தேசத்தையே உலுக்கியது. குற்றஞ்சாட்டப்பட்ட அறுவருள் ஒருவனுக்குப் பதினெட்டு நிரம்பச் சில மாதங்களே எஞ்சியிருந்தமை பள்ளிப் பதிவேட்டால் உறுதிப்படவே, மூன்றாண்டுக் காவலே அவனுக்கு உரிய உச்ச தண்டனையாயிற்று. மக்கள் கொண்ட கோபம் நியாயமானது. அதனை இழித்துரைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அக்கோபத்தின் நடுவிலேயே கூடிய நீதிபதி ஜே. எஸ். வர்மா குழு, ஒரே மாதத்தில், 2013 ஜனவரி 23ஆம் நாள் அளித்த அறிக்கையில், வயதைக் குறைக்கலாகாது என்று திடமாகக் கூறியது. அதே ஆண்டு ஜூலையில், பதினெட்டு வயது வரையில் பிள்ளைகளை நல்வழிக்குத் திருப்ப இயலும் என்னும் உளவியலார் கருத்தின் அடிப்படையிலேயே அவ்வயது வகுக்கப்பட்டதென்று எடுத்துக்காட்டி, சட்டத்தில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2014 மார்ச்சில், ஈரோட்டு மாவட்டத்தினரான தலைமை நீதிபதி ப. சதாசிவத்தை உள்ளிட்ட அமர்வும் அவ்வாறே மறுத்தது. நாட்டில் பதிவான மொத்தக் குற்றங்களில் சிறார் பங்கு அப்போது நூற்றுக்கு 1.2 அளவே.

எனினும், மேனகா காந்தி அமைச்சராயிருந்த காலத்தில் புதிய மசோதா எழுந்தது. அதனை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, பதினாறு வயதினரை வேறு பிரிப்பது அரசியலமைப்புக்கும் குழந்தை உரிமை உடன்படிக்கைக்கும் முரண் என்று கூறியும், இளமையிற் செய்த குற்றத்திற்கு இருபத்தொரு வயதுக்குப் பின் பிடிபட்டவனை வயது வந்தோனாகவே கருதும் ஏழாம் பிரிவு மட்டுமே கைவிடப்பட்டது. ஏனைய பகுதி நின்றது. மக்களவை 2015 மே மாதம் அதனை நிறைவேற்ற, மாநிலங்களவையிலோ அது கிடப்பில் இருந்தது. டில்லி வழக்கின் இளைஞன் மூன்றாண்டுக் காவல் முடிந்து டிசம்பர் 20ஆம் நாள் வெளிவந்தான். இரண்டே நாளில், 22ஆம் தேதி, மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றிற்று. புதிய தண்டனை பழைய செயலைத் தொடலாகாது என்று அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு விதித்திருப்பதால், எவனைக் கருதி அத்தனை விரைவு காட்டப்பட்டதோ அவன்மீது அச்சட்டம் செல்லுபடியாகவில்லை; இனி வரப்போகும் முன்பின் அறியாத பிள்ளைகளின் மீதே அது பாய்ந்தது.

2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின்படி, குறைந்தது ஏழாண்டுச் சிறை விதிக்கத்தக்க கொடுங்குற்றம் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட ஒருவர்மீது சாட்டப்பட்டால், குழுமம் 15ஆம் பிரிவின் கீழ் முதனிலை மதிப்பீடு ஒன்றை மூன்று மாதத்திற்குள் முடித்தல் வேண்டும். நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் (அவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும்) கூடிய அக்குழுமத்தில் உயர்ந்த மேடை இல்லை. சாட்சிக் கூண்டு இல்லை. சிறுவனை அழைத்து வரும் காவலர் சீருடை அணிதல் கூடாது. இத்தனை கனிவோடு அமைக்கப்பெற்ற அவ்வறையில், குற்றம் புரியும் உடல்வலிமையும் மனவலிமையும் அவனுக்கு இருந்தனவா, விளைவை உணரும் திறன் இருந்ததா, எச்சூழ்நிலையில் செய்தான் என்று ஆராய்ந்து, தக்கதென்று தோன்றினால், வயது வந்தோனாக விசாரிக்கும்படி வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்திற்கு அனுப்புகின்றனர். குற்றம் செய்தானா என்பதே நிரூபணமாகாத நிலையில், செய்ததாகவே வைத்துக்கொண்டு, அச்சமயம் அவன் மனம் எவ்வாறு இருந்தது என்று மாதங்கள் கழிந்தபின் வினவும் இம்மதிப்பீடு, 1860இன் 83ஆம் பிரிவு பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கேட்ட அதே கேள்வியே ஆகும். ஒரு வேறுபாடு உண்டு: அன்று அது பிள்ளையைக் காக்கக் கேட்கப்பட்டது; இன்று அவனைக் காப்பிலிருந்து வெளியேற்றக் கேட்கப்படுகிறது. சாதாரண விவேகம் உள்ள பதினேழு வயதினன் எவனும் கொலையின் விளைவை அறியாதவன் அல்லனாதலால், இக்கேள்விக்கு விடை பெரும்பாலும் முன்னரே முடிவானதாகிறது.

ஹரியானாவின் குருகிராமத்தில் பள்ளி மாணவன் ஒருவன்மீது எழுந்த கொலை வழக்கில் 2022இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே பேசிற்று. விளைவு என்பது உடனடிப் பயனை மட்டும் குறிப்பதன்று. இறந்தவரின் குடும்பத்திற்கும், சிறுவனின் குடும்பத்திற்கும், அவன் எதிர்காலத்திற்கும் நேர்வன யாவும் அதிலடங்கும் என்றும், குழந்தை உளவியலில் தேர்ச்சி பெற்றவர் குழுமத்தில் இல்லாவிடில் நிபுணரின் துணையைக் கட்டாயம் நாடவேண்டும் என்றும் அது பணித்தது. அதற்கு முன் 2020இல், குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு என்று சட்டமே குறிப்பிடாத குற்றம், அதன் அதிகபட்சத் தண்டனை எத்துணைப் பெரிதாயினும், கொடுங்குற்றம் ஆகாது என்று அந்நீதிமன்றம் வரையறுத்திருந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்தமும் அத்தகையவற்றைக் கடுங்குற்றம் என்னும் இடைப்பட்ட வகையில் வைத்தது. 2024இல் புனேயில் பதினேழு வயதினன் ஓட்டிய கார் மோதி இருவர் மாண்டபோது, முந்நூறு சொல்லில் கட்டுரை எழுதவேண்டும் என்னும் நிபந்தனையோடு பிணை அளிக்கப்பட்டமை நாடெங்கும் கொதிப்பை எழுப்பியது. ஆயினும், அவனை வயது வந்தோனாக விசாரிக்கவேண்டும் என்னும் காவல்துறையின் வேண்டுகோளைக் குழுமம் 2025இல் நிராகரித்தது.

இச்சட்டம் எதிர்பாராத திசையில் பாயும் இடம் ஒன்று உண்டு. சிறாரைப் பாலியல் குற்றங்களினின்று காக்க இயற்றப்பெற்ற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பாலுறவுக்கு இசைவளிக்கும் வயதைப் பதினெட்டாக்கியதோடு, ஏழாண்டுக் குறைந்தபட்சத் தண்டனையையும் விதித்து, 2019இல் அதனைப் பத்தாண்டாகவும் உயர்த்தியது. இதன் விளைவாக, பதினேழு வயது மாணவனும் அவன் காதலித்த பதினேழு வயது மாணவியும் ஊரை விட்டுச் சென்று, பெண்ணைப் பெற்றோர் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால், அம்மாணவனும் கொடுங்குற்றவாளியாகி முதனிலை மதிப்பீட்டுக்கு உட்படுகிறான். சாதிமாறிய காதலில் இத்தகைய மனு எவ்வளவு எளிதில் எழுதப்படும் என்பதைத் தமிழ்நாட்டில் விளக்க வேண்டுவதில்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த வயதைப் பதினாறாகக் குறைப்பது பற்றி ஆலோசிக்குமாறு கூறியது. சட்டம் இன்னும் மாறவில்லை.

வயது வந்தோனாக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெறுவோனுக்கும் சில காப்புகள் எஞ்சியுள்ளன. மரண தண்டனையும், விடுதலைக்கு வழியற்ற ஆயுள் தண்டனையும் அவனுக்கு விதித்தலாகாது. இருபத்தொரு வயது வரை அவன் சிறையில் அன்றிப் பாதுகாப்பிடத்தில் வைக்கப்பெறுகிறான். அவ்வயது நிரம்பியதும் குழந்தைகள் நீதிமன்றம் அவனை மீண்டும் மதிப்பிடுகிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் காவலில் அவன் நடந்துகொண்ட முறையையும் கண்டு, திருந்தியவன் எனில் நிபந்தனையோடு விடுவிக்கலாம், அன்றேல் எஞ்சிய காலத்தைச் சிறையிற் கழிக்குமாறு அனுப்பலாம். திருத்த இயலுமா என்னும் பழைய கேள்வி இச்சட்டத்தில் இறுதியாகக் குடிகொண்டிருக்கும் இடம் இந்த 20ஆம் பிரிவே. அது தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி. 2024 ஜூலை முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதா, ஏழு, பன்னிரண்டு என்னும் எல்லைகளைத் தன் 20, 21ஆம் பிரிவுகளில் மாற்றமின்றி வைத்துக்கொண்டது.