பின்பால்: அதிர்ஷ்டமா, கைத்திறனா?

சாய்வான ஒரு பலகை. அதன் மேல் கண்ணாடி. உள்ளே உருண்டோடும் ஓர் எஃகுக் குண்டு. பின்பால் இயந்திரம் என்றால் இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய விளையாட்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1942 முதல் 1976 வரை தடை செய்யப்பட்டிருந்தது என்றால் நம்ப முடிகிறதா? பழைய இயந்திரம் சிறந்ததா, புதிய இயந்திரம் சிறந்ததா என்று கேட்பவர்கள் முதலில் அந்தத் தடையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆணிகளின் காலம்

1871ஆம் ஆண்டு, சின்சினாட்டி நகரைச் சேர்ந்த மொன்டேக் ரெட்கிரேவ், குண்டைச் செலுத்தும் சுருள்வில் தண்டுக்குக் காப்புரிமை பெற்றார். தண்டை இழுத்து விட்டால் குண்டு மேலே ஏறி, ஆணிகளில் மோதி, ஏதாவது ஒரு குழியில் விழும். 1931இல் காட்லீப் நிறுவனம் வெளியிட்ட ‘பேஃபிள் பால்’ இயந்திரமும் இதே வகைதான்.

குண்டு கிளம்பிய பிறகு ஆடுபவருக்கு வேலையே இல்லை. இயந்திரத்தைப் பிடித்து ஆட்டலாம், அவ்வளவுதான். அதையும் தடுக்க 1934இல் ஹாரி வில்லியம்ஸ் ‘டில்ட்’ அமைப்பைக் கொண்டு வந்தார். வெற்றியைத் தீர்மானிப்பது அதிர்ஷ்டம் என்றால், அது சூதாட்டம்தானே? நியூயார்க் மேயர் லா கார்டியா அப்படித்தான் கருதினார். காவல்துறை ஆயிரக்கணக்கான இயந்திரங்களைப் பறிமுதல் செய்தது. பல இயந்திரங்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன.

தட்டும் கரங்கள்

1947இல் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த ‘ஹம்டி டம்டி’ இயந்திரத்தில், இருபுறமும் மும்மூன்றாக ஆறு ‘ஃபிளிப்பர்’ கரங்கள் இருந்தன. பொத்தானை அழுத்தினால், மின்காந்தச் சுருளின் விசையில் கரம் குண்டைத் தட்டிவிடும். அடுத்த ஆண்டே ஸ்டீவ் கோர்டெக், ‘டிரிப்பிள் ஆக்‌ஷன்’ இயந்திரத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டே கரங்களை வைத்தார். விழப்போகும் குண்டைக் காப்பாற்றும் வாய்ப்பு ஆடுபவரின் விரலுக்கு வந்தது.

ஆயினும் சட்டம் மாற மேலும் 28 ஆண்டுகள் ஆயின. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர், நகர மன்றக் குழுவின் முன் பின்பால் ஆடிக் காட்டினார். குண்டு எந்த வழியாகச் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லித் தண்டை இழுத்தார். சொன்னபடியே சென்றது! தடை நீக்கப்பட்டது. அந்த நிரூபணத்தைத் தந்தது நவீன ஃபிளிப்பர் அல்ல, 1871ஆம் ஆண்டின் சுருள்வில் தண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

கணினி வந்த பிறகு

அதுவரை ரிலேக்களும் எண் உருளைகளும் மணிகளுமே இயந்திரத்தை இயக்கின. கோளாறு வந்தால் திறந்து பார்த்துத் தொடுமுனையைத் தேய்த்துச் சரிசெய்யலாம். 1970களின் பிற்பகுதியில் நுண்செயலி அந்த இடத்தைப் பிடித்தது. 1979இல் ‘கோர்கர்’ பேசவே தொடங்கியது. 1992இல் வந்த ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ 20,000க்கும் மேல் விற்பனையானது. இதன் வடிவமைப்பாளர் பேட் லாலர்.

வேகமும் கூடியது. 2 அங்குலக் கரங்கள் 3 அங்குலமாயின. சுமார் 3.5 பாகையாக இருந்த பலகைச் சாய்வு 6.5 பாகையானது. பழைய இயந்திரத்தில் இலக்கைக் குறிபார்த்து அடித்தால் போதும். புதியதில் எதை முதலில் அடிப்பது, எதை அடுத்து அடிப்பது என்று ஒரு கதையையே நடத்திச் செல்ல வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1991இல் வந்த ‘டெர்மினேட்டர் 2’ இயந்திரத்தில் சுருள்வில் தண்டே இல்லை. துப்பாக்கிப் பிடியின் விசையை அழுத்தினால் இயந்திரமே குண்டைச் செலுத்திவிடும். தடையை உடைத்த அந்தக் கைப்பக்குவத்துக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் எது சிறந்தது? குண்டு இன்றும் அதே 80 கிராம்தான், ஈர்ப்பு விசையும் அதேதான். குண்டு கைநழுவி விழும்போது, “என் விதி” என்று சொல்ல வைப்பதை விட, “என் தவறு, இன்னொரு முறை ஆடுகிறேன்” என்று சொல்ல வைப்பதே நல்ல வடிவமைப்பு. அது பழையதாக இருந்தாலும் சரி, புதியதாக இருந்தாலும் சரி.