கொரிய எழுத்தின் பக்கத்தில் இருந்த புள்ளிகள்

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவர்கள் கொரிய எழுத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. ஹூண்டாயின் இந்திய நிறுவனம் 1996-ல் தொடங்கி, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்த பிறகு, உணவகம், விடுதி என்று வட்டமும் கோடுமாகப் பலகைகள் முளைத்துவிட்டன. அந்த எழுத்துகளின் இடப்பக்கம் ஒரு காலத்தில் புள்ளிகள் இருந்தன. அவை எங்கே போயின என்பதுதான் இந்தப் பதிவு.

உலகத்தில் பெரும்பாலான எழுத்துகளுக்கு "செய்தவர் இவர்" என்று ஆளைக் காட்ட முடியாது. இதற்குக் காட்டலாம். ஜோசோன் வம்சத்தின் 4ஆவது அரசர் சேஜோங் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்டார். மொத்தம் 28 எழுத்துகள். அதுவரை எழுத வேண்டுமென்றால் சீன எழுத்துதான். சாதாரண சனங்களுக்கு அது எட்டாக்கனி. சும்மா விட்டார்களா? 1444-லேயே சோ மல்லி என்ற அரசவை அறிஞர் எதிர்ப்பு மனு கொடுத்தார். தனி எழுத்து வைத்துக்கொள்வது நாகரிகமில்லாதவர்கள் செய்கிற வேலையாம்! (படித்தவர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போல.)

எழுத்துகள் வாயைப் பார்த்து வரையப்பட்டவை. மகர ஒலிக்கு வாயின் வடிவம், நகர ஒலிக்கு நுனி மேலே தொடும் நாக்கின் வடிவம். தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அங்கே சூத்திரமாக இருப்பது இங்கே படமாக இருக்கிறது.

சரி, புள்ளிக்கு வருவோம். நாம் "ஆமா" என்று சொல்வதிலேயே சம்மதம், கிண்டல், சலிப்பு எல்லாம் உண்டு. ஆனால் எப்படிச் சொன்னாலும் சொல் அதேதான். அன்றைய கொரிய மொழியில் குரல் ஏறினால் சொல்லே மாறிவிடும். இதைக் காட்டத்தான் புள்ளி. புள்ளி இல்லை என்றால் தாழ்ந்த குரல், ஒன்று என்றால் உயர்ந்த குரல், இரண்டு என்றால் தாழ்ந்து தொடங்கி ஏறும் குரல். 'சொன்' புள்ளியில்லாமல் விருந்தாளி, ஒரு புள்ளி வைத்தால் கை. 'நுன்' ஒரு புள்ளியோடு கண், இரண்டு புள்ளியோடு வானத்திலிருந்து விழும் பனி.

16ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே புள்ளிகள் குழம்ப ஆரம்பித்துவிட்டன. 1592-ல் ஜப்பான் படையெடுத்தது. அதற்குப் பிந்தைய 17ஆம் நூற்றாண்டு நூல்களில் புள்ளி கிடையாது. போர்மேல் பழியைப் போட்டுவிடலாம்தான். ஆனால் போருக்கு முன்பே குழப்பம் தெரிவதால், தலைநகர்ப் பக்கத்துப் பேச்சில் குரல் வேறுபாடு முன்பே தேய்ந்துகொண்டிருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. ஏறுகுரல் மட்டும் தன் நீளத்தை விட்டுவிட்டுப் போனது: பனி நெடிலானது, கண் குறிலாகவே நின்றது. இன்றைய சியோல் இளைஞர்கள் அதையும் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

தமிழிலும் ஒரு புள்ளி தொலைந்த கதை உண்டு. தொல்காப்பியப்படி எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளி வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். எ-வா ஏ-வா என்று இடத்தைப் பார்த்துப் படிக்க வேண்டிய நிலை, 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தரும்வரை. ஆனால் நமக்குப் புள்ளி போனதே தவிர ஒலி போகவில்லை. அவர்களுக்கு ஒலி போனது, பின்னாலேயே புள்ளியும் போனது.

இதைப் படித்துவிட்டு "அப்பா, அம்மா அங்கேயும் உண்டே, கொரியாவும் தமிழும் ஒன்று" என்று பின்னூட்டம் போட வேண்டாம் நண்பர்களே! வினை கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் ஜப்பானிய மொழியிலும் துருக்கியிலும்கூட உண்டு. அப்பா, அம்மா போன்ற சொற்கள் பாதி உலகத்தில் கிடைக்கும்.

ஆனால் ஒலி எல்லா இடத்திலும் போய்விடவில்லை. தென்கிழக்கே கியோங்சாங் வட்டாரத்தில், பூசான், தேகு போன்ற ஊர்களில், குரலின் உயர்வு தாழ்வு இன்றும் சொல்லைப் பிரிக்கிறது. ஹூண்டாயின் பெரிய கார் ஆலை இருக்கும் உல்சானும் அந்த வட்டாரம்தான். நம்மூரில் சொல்லித் தருவதோ சியோல் கொரிய மொழி. அதை ஒழுங்காகப் படித்து முடித்தவர், உல்சான்காரர் ஒருவர் இயல்பாகப் பேசும்போது முழித்தால், அவர் காதில் விழுவது சேஜோங் புள்ளி வைத்த அந்த ஒலியின் மிச்சம்.