சேர்வர் எங்கே இருக்கிறது, எங்கள் வரலாறு எங்கே இருக்கிறது?



ஊர் வரலாற்றுக்கு ஓர் இணையத்தளம் தொடங்குவோம் என்று பேச்சு எடுத்தாலே ஒரு கேள்வி வருகிறது: "சேர்வர் வெளிநாட்டில் இருந்தால் கூகுளில் நாங்கள் பின்னுக்குப் போய்விடுவோமாமே?" இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது பழைய உண்மை.

1998இல் கூகுள் தொடங்கியது. ஒரு தளம் எந்த நாட்டாருக்கு உரியது என்று அறிய அதற்கு அன்று இருந்த முக்கிய அடையாளங்கள் இரண்டு. ஒன்று, முகவரியின் கடைசி எழுத்துகள். டொட் எல்கே என்றால் இலங்கை. அந்தப் பெயர் 1990 முதலே எங்களுக்கு உண்டு. மற்றது, சேர்வரின் ஐபி இலக்கம். டொட் கொம் முகவரியில் நாடு தெரியாது. அதனால் சேர்வர் அமெரிக்காவில் இருந்தால் தளமும் அமெரிக்காவுக்குரியது என்று கணிக்கப்படும் வாய்ப்பு இருந்தது. எங்கள் பயம் அந்தக் காலத்தில் பிறந்தது.

2007இல் நிலைமை மாறியது. டொட் கொம் தளம் வைத்திருப்பவரும் "இது இன்ன நாட்டாருக்கு" என்று கூகுளுக்குச் சொல்ல வசதி வந்தது. 2022இல் அந்த வசதியையும் எடுத்துவிட்டார்கள். இன்று சேர்வரின் இடம் ஒரு சிறு குறிப்பு மட்டுமே, முடிவான சான்று அல்ல என்று கூகுளே சொல்கிறது. டொட் எல்கே முகவரி இருந்தால், சேர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும் அது இலங்கைத் தளம்தான்.

தூரத்துக்கு வேறொரு விளைவு உண்டு. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து நியூயோர்க் சுமார் 14,000 கிலோமீற்றர். ஒருமுறை போய்வரவே குறைந்தது 140 மில்லி செக்கன் வேண்டும். ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டியிருக்கும். 2010இல் வேகத்தையும் தரவரிசைக்கான காரணங்களில் ஒன்றாகக் கூகுள் சேர்த்தது. ஆனால் இப்போது பக்கத்தின் பிரதிகளைப் பல நாடுகளில் வைத்து, வாசகருக்குக் கிட்ட உள்ள இடத்திலிருந்து கொடுக்கும் சேவைகள் இருக்கின்றன. சிலது இலவசம்.

அப்படியென்றால் எங்கள் ஊரைத் தேடினால் ஏன் எங்கள் எழுத்து வருவதில்லை?

எங்கள் பாடசாலை மலர்களையும் பள்ளிவாசல் நினைவு மலர்களையும் எடுத்துப் பாருங்கள். அநேகமானவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளின் குவியல். யுனிகோடில் தமிழ் 1991 முதல் இருந்தும் நாங்கள் நீண்ட காலம் மாறவில்லை. மிச்சத்தைப் படம் பிடித்து முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் போட்டோம். வட்ஸ்அப் குழுவுக்குள் இருப்பதைக் கூகுள் தேடாது. படத்தில் உள்ள தமிழை அது ஒழுங்காக வாசிக்கும் என்றும் நம்பியிருக்க முடியாது.

நாங்கள் எழுதி வைக்காத இடத்தை வேறு யாரோ எழுதியது நிரப்பும். நாளை எங்கள் பிள்ளைகள் தேடும்போது அதுவே எங்கள் வரலாறாகிவிடும்.

ஆகவே சேர்வர் எந்த நாட்டில் என்ற விவாதத்தை விடுவோம். வீட்டு அலுமாரியில் உள்ள ஒரு பழைய மலரை எடுத்து, ஒரு கட்டுரையை யுனிகோடில் தட்டச்சு செய்வோம். ஊர்ப் பெயர், ஆண்டு, ஆட்களின் பெயர்கள் எல்லாம் எழுத்தாக இருக்கட்டும். மூத்தவர்களிடம் கேட்டுச் சரிபார்ப்போம். பாமினியிலிருந்து மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. தெரியாதவர்களுக்கு நாங்கள் காட்டித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்களிடம் எந்த ஆண்டு மலர் இருக்கிறது? கீழே எழுதுங்கள்.