கோவேறு கழுதைகளின் பாதை

உல்லாசத்துக்கென்று போடப்படாத பாதைகள்தான் பல சமயம் உல்லாசத்துக்கு உகந்தவையாக அமைந்துவிடுகின்றன. அமெரிக்காவில், பொட்டோமாக் நதியை ஒட்டி, வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனிலிருந்து கம்பர்லாந்துவரை 184.5 மைல் நீளும் ஒரு மண்பாதை உண்டு. ஜனங்கள் அங்கே நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள், பறவைகள் பார்க்கிறார்கள், கூடாரமடித்துத் தூங்குகிறார்கள். செஸபீக் - ஒஹையோ கால்வாயின் கரை அது. படகுகளைக் கயிறு கட்டி இழுத்த கோவேறு கழுதைகள் நடப்பதற்காகப் போட்டது.

1828 ஜூலை 4 அன்று ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் இக்கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்டினார். அதே நாளில் பால்டிமோரில் ஒரு ரயில்பாதைக்கு முதல் கல் நாட்டப்பட்டது. இரண்டும் ஒஹையோ நதியைக் குறிவைத்தவை. ரயில் 1842இல் கம்பர்லாந்தை எட்டியது. கால்வாய் 1850இல்தான் அங்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஒஹையோ அதன் பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

வெட்டியவர்களில் பெரும்பகுதி ஐரிஷ் கூலிகள். 1832இல் காலரா அவர்களிடையே புகுந்தது. 1834இல் கோஷ்டிச் சண்டை மூண்டபோது ஜனாதிபதி ஜாக்ஸன் ராணுவத்தை அனுப்பினார். தொழிலாளர் தகராறொன்றில் அமெரிக்க மத்திய ராணுவம் தலையிட்டது அதுவே முதல் தடவை. பா-பா என்ற இடத்தில் மலையைக் குடைந்து 3,118 அடிச் சுரங்கம் அமைக்கும் வேலை 1836இல் தொடங்கி 1850இல்தான் முடிந்தது. பிறகு நிலக்கரிப் படகுகள் வந்தன. குடும்பங்கள் படகிலேயே வாழ்ந்தன. கழுதைகளின் பின்னால் கரையோடு நடந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 1924 வெள்ளத்தோடு போக்குவரத்து நின்றது.

1938இல் அரசாங்கம் இருபது லட்சம் டாலருக்குக் கால்வாயை வாங்கியது. வாஷிங்டன் பக்கத்துப் பகுதியைச் செப்பனிட்டவர்கள், நிற ஒதுக்கல் நடைமுறையில் தனி முகாம்களில் வைக்கப்பட்டிருந்த கறுப்பு இளைஞர்கள். நடப்பவனின் சுகத்துக்குக் கீழே இவ்வளவு வியர்வை அடங்கியிருக்கிறது.

அந்தச் சுகமும் பறிபோயிருக்கும். கால்வாய் நெடுகக் கார்ச்சாலை போடலாமென்று திட்டம் எழுந்தது. 1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' தலையங்கம் அதை ஆதரித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: தலையங்கம் எழுதியவர் என்னோடு நடந்து வரட்டும். மார்ச் 20 அன்று கம்பர்லாந்திலிருந்து பலர் கிளம்பினார்கள். எட்டாம் நாள் முழுத்தூரத்தையும் முடித்தவர்கள் ஒன்பது பேர். பத்திரிகை தன் நிலையைப் பெருமளவு மாற்றிக்கொண்டது. 1971இல் கால்வாய் தேசிய சரித்திரப் பூங்காவாயிற்று.

டக்ளஸ் காக்க விரும்பியது நிசப்தத்தையும் வனத்தையும். ஆனால் அந்த வனம் ஆதிவனம் அல்ல. தோற்றுப்போன ஒரு வியாபாரத்தின் மேல் திரும்ப முளைத்தது. பாதை சமதளமாக இருப்பதற்கு இயற்கை காரணமல்ல, படகின் தண்ணீர்மட்டம் காரணம். அதன் வேகம் கழுதையின் வேகம். பந்தயத்தில் அதைத் தோற்கடித்த மந்தகதிதான் இன்று மனிதனுக்கு ஓய்வாகக் கிடைக்கிறது.

தோல்வி மட்டும் எதையும் காப்பாற்றிவிடாது என்பதற்கும் இதுவே சாட்சி. ரயில் விட்டுவைத்ததைக் காரும் விட்டுவைக்கும் என்று நம்பக் காரணம் எதுவும் இருக்கவில்லை. சிலர் எட்டு நாள் நடக்கவேண்டியிருந்தது. ஆனால் நடப்பது என்பது இயற்கையை ரசிப்பது மட்டும் என்று ஆகிவிட்டால், கூலிக்காரன் இரண்டாம் முறையும் புதைக்கப்படுகிறான். பூங்காவின் பெயரில் 'சரித்திரம்' என்ற சொல் இருக்கிறது. காலடியிலுள்ள மண்ணைச் சுமந்தவனையும் அந்தச் சொல் குறிக்கிறது என்ற பிரக்ஞை இருந்தால், நடையின் இன்பம் குறைந்துவிடாது. அதற்கு ஒரு கனம் கூடும், அவ்வளவுதான்.