சிராங்கூன் சாலையும் திருநாளும்

பிறந்த மண்ணில் வாழ்வோர்க்குத் திருநாள் என்பது உண்டு, உடுத்து, உறவினரோடு மகிழும் நாள். கடல் கடந்து உழைக்க வந்தவர்க்கோ அது அதனினும் பெரியது. அன்றுதான் அவர்கள் ஊர்க்காரரைக் காண்பர். வீட்டுச் செய்தி கேட்பர். வேலை இழந்தவன் வேலை தேடுவான். நோயுற்றவன் துணை தேடுவான். சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இத்தகைய நாள்களுக்கெல்லாம் களமாக விளங்கியது சிராங்கூன் சாலை. அச்சாலையின் வரலாற்றை விழாக்களின் வழியே நோக்கினால், ஒரு சமுதாயம் தன்னைத் தானே தாங்கிக்கொண்ட முறை புலனாகும்.

இன்று ‘லிட்டில் இந்தியா’ என அழைக்கப்படும் இவ்வட்டாரத்தை முற்காலத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். கம்பம் என்பது ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். சிற்றூர் என்பது பொருள். சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற் சூளைகளும் மாட்டுத் தொழுவங்களும் நிறைந்த புறநகர்ப் பகுதியாக அது அந்நாளில் இருந்தது. எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் ‘கண்டாங் கர்பாவ்’ என்னும் மலாய்ப் பெயரும், எருமையின் பெயர் தாங்கிய தெருக்களும் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. காளவாயிலும் தொழுவத்திலும் உழைத்தவர்கள் கூடிய இடங்களே கோயில்களாயின. பெருமாள் கோயில் 1855-இலும், வீரமாகாளியம்மன் கோயில் 1881-இலும் எழுந்தன. காளி கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே மக்கள் வழங்கினர். தெய்வத்தின் பெயரைவிடத் தொழிலாளர் குடியிருப்பின் பெயரே முந்தி நின்றது என்பது எண்ணத்தக்கது.

தமிழர் அனைவரும் சிராங்கூனிலேயே வாழ்ந்தனர் அல்லர். துறைமுகத்தை அடுத்தும், புகைவண்டிக் குடியிருப்புகளிலும், தீவின் வட கோடியில் செம்பவாங்கிலும் அவர்கள் பரவியிருந்தனர். செம்பவாங்கில் 1938-இல் திறக்கப்பட்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் குடியிருப்புகள், காடும் கம்பமும் சூழ்ந்த நாட்டுப்புறத்தில் அமைந்தவை. அங்கு வாழ்ந்த தமிழரும் மலையாளியரும் தமக்கென ஓர் உலகத்தையே அமைத்துக்கொண்டனர். ஒரு மரத்தடி வழிபாட்டிலிருந்து வளர்ந்து, பின்னாளில் ஈசூனுக்கு இடம்பெயர்ந்த புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலின் பங்குனி உத்திரம் அவ்வுலகின் பெருவிழா. ஆயினும் தீபாவளிக்குச் சேலையும், பொங்கலுக்கு மஞ்சளும் கரும்பும் வாங்க, நகரை அடுத்த தேக்காவுக்கே மக்கள் வந்தனர். தீபாவளி 1929-இல் அரசு விடுமுறையாயிற்று. கூலிக்கு உழைத்தவனுக்குத் தன் பண்டிகையைத் தன் நாளாகக் கொள்ளும் உரிமை அதனால் கிடைத்தது.

விழா நாளின் கூட்டம் கலைந்தபின்னும் தொடரவேண்டிய பணிகள் இருந்தன. இராமகிருஷ்ணா மிஷன் 1928-இல் சிங்கப்பூரில் தன் பணியைத் தொடங்கி, சிராங்கூன் சாலையை ஒட்டிய நாரிஸ் சாலையில் நிலைகொண்டது. விவேகானந்தர் பெயரிலும் சாரதா தேவியார் பெயரிலும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியதோடு, ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லமும் அமைத்தது. வணிகர் கோவிந்தசாமி பிள்ளை, சிராங்கூன் சாலையில் ஈட்டிய பொருளைப் பெருமாள் கோயிலுக்கும் பொதுப்பணிகளுக்கும் வழங்கினார். அவர் பெயர் தாங்கிய திருமண மண்டபம் 1965-இல் அக்கோயிலில் திறக்கப்பட்டது.

மற்றொரு திசையிலிருந்தும் விழிப்பு வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் தோட்டத் தொழிலாளர் பலர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தில், 1932-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. திருவாரூரில் பிறந்து 1924-இல் சிங்கப்பூர் வந்த கோ. சாரங்கபாணி அதன் முன்னணித் தொண்டராக நின்றார். 1935 ஜூலையில் பிறந்த ‘தமிழ் முரசு’ ஒரு காசு விலைக்குத் தொழிலாளியின் கையை எட்டியது. சாதி வேறுபாடும் சமய வேறுபாடும் சங்கங்களைப் பிரித்திருந்த நிலையில், எல்லாத் தமிழர்க்கும் பொதுவான விழா ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

அவ்வெண்ணத்தின் கனியே 1952-இல் தொடங்கிய தமிழர் திருநாள். பொங்கலை மையமாகக் கொண்ட அவ்விழாவைத் தமிழர் பிரதிநிதித்துவ சபை முன்னின்று நடத்தியது. இந்துவும் முஸ்லிமும் கிறித்தவரும் மொழியால் ஒன்றுபட்டு அதிற் கலந்துகொண்டனர். பேச்சு, கட்டுரை, நாடகம், விளையாட்டு எனப் போட்டிகள் பல நடைபெற்றன. விழா சிங்கப்பூரோடு நில்லாமல் மலாயாவின் நகரங்களுக்கும் தோட்டப்புறங்களுக்கும் பரவியது. அதே காலத்தில் ‘தமிழ் முரசு’ வளர்த்த மாணவர் மணிமன்றம், பள்ளிப் பிள்ளைகளை எழுத்தாளர்களாக்கியது. பிற்காலச் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்துலகின் நாற்றங்கால் அதுவே எனலாம்.

விழா மேடையில் எழுந்த ஒற்றுமை வெறும் முழக்கமாய் முடிந்துவிடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்குத் தமிழுக்கே முதன்மை வேண்டும் எனச் சாரங்கபாணி வாதாடினார். பல்கலைக்கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாயிலையே கண்டிராத தொழிலாளரும் அதற்குப் பொருள் ஈந்தனர். துறை 1956-இல் தொடங்கியது. 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர் தவறாது பதிந்துகொள்ளுமாறு அவர் ஓயாது வற்புறுத்தினார்.

அவ்வறிவுரையின் அருமை பத்தாண்டுகளில் விளங்கிற்று. பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என்னும் அறிவிப்பு 1968 ஜனவரியில் வந்தது. 1971-இல் வெளியேற்றம் பெரும்பாலும் முடிந்தது. கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் அடுப்பில் அது கை வைத்தது. குடியுரிமை பெற்றவர்க்குக் காலூன்ற இடம் இருந்தது. பெறாதவருள் பலர் தாயகம் திரும்பினர். பல்லாண்டு கூடிக் கொண்டாடிய குடியிருப்புகள் மெல்லக் கலைந்தன. அதே 1968-இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தைப்பூசமும் விடுமுறைத் தகுதியை இழந்தது. ஆயினும் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் வரை காவடி செல்வது நிற்கவில்லை. அன்றுமுதல் அடியார்கள் தம் சொந்த விடுப்பைச் செலவிட்டே முருகனை வணங்குகின்றனர்.

சாரங்கபாணி 1974-இல் மறைந்தார். அவர் தொடங்கிய மரபின் எதிரொலியை 2007 முதல் ஏப்ரல் தோறும் நடைபெறும் தமிழ் மொழி விழாவிற் கேட்கலாம். இந்தியப் பிள்ளைகளின் கல்வி பின்தங்கியதைக் கண்டு 1991-இல் நிறுவப்பட்ட ‘சிண்டா’ அமைப்பு, சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையிலிருந்து பணியாற்றுகிறது. இந்திய ஊழியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து பெறப்படும் சிறு தொகை அதன் முதுகெலும்பு. ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குக் காசு தந்த கைகளின் வழிவந்த கைகளே இவையும்.

இதற்கிடையே புதியதொரு தலைமுறை கடல் கடந்து வந்தது. கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழகத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் ஊர்ப்புறத் தங்குவிடுதிகளிலிருந்து ஞாயிறுதோறும் சிராங்கூனில் குவிந்தனர். வீட்டுக்குப் பணம் அனுப்பினர். புல்தரையில் அமர்ந்து ஊர்க்கதை பேசினர். காயமுற்றோ, சம்பளம் கிட்டாமலோ வழக்கு முடியக் காத்திருந்தவர்க்கு, டி.டபிள்யூ.சி.2 என்னும் தொண்டமைப்பு 2008-இல் ‘கஃப் சாலைத் திட்டம்’ தொடங்கி இலவச உணவு வழங்கிற்று. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, பேருந்து விபத்தில் இந்தியத் தொழிலாளர் ஒருவர் மாண்டதை அடுத்துக் கலவரம் மூண்டது. அதன்பின் மது விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. கூட்டத்தின் மீது கண்காணிப்பும் மிகுந்தது.

2020 ஏப்ரலில் கொரோனா கொள்ளைநோய் தங்குவிடுதிகளின் கதவுகளை அடைத்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றினுள் முடங்கினர். 2021 செப்டம்பரில் வாரத்திற்கு ஐந்நூறு பேர் வரையே வெளியே அழைத்துச் செல்லும் முன்னோட்டத் திட்டம் தொடங்கியபோது, அவர்கள் முதலிற் சென்ற இடம் சிராங்கூன் வட்டாரமே. 2022 ஜூனில் வந்த முறையின்படி, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் அங்குச் செல்ல அவர்கள் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. 1929-இல் விடுமுறையாய் வந்த தீபாவளியை, அனுமதி கேட்டுக் கொண்டாட வேண்டிய நிலை ஒரு பகுதித் தமிழர்க்கு நேர்ந்தது.

சுண்ணாம்புக் காளவாயில் வெந்தவனும், கடற்படைத் தளத்தில் உழைத்தவனும், இன்று அடுக்குமாடி கட்டுபவனும் சிராங்கூனுக்கு ஒரே தேவையோடுதான் வந்தனர். தன் மொழி கேட்கும் இடமும், தன்னைத் தன்னவன் என்று ஏற்கும் கூட்டமும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. சாலையெங்கும் தீபாவளி விளக்குகள் ஒளிரும்போது அவற்றின்கீழ் நடக்கும் புதியவனுக்கும் அவ்விடத்தில் உரிமை உண்டு. தமிழர் திருநாளைக் கண்டவர்கள் அன்று நாட்டிய கொள்கை அது; அதனை மறந்து கொண்டாடும் விழா, பெயரளவில் மட்டுமே திருநாளாகும்.