யாரைக் கேட்டார்கள்?

'கேள்' என்ற வினையடி தமிழில் நிறைய வேலை செய்கிறது. காதால் கேட்பதும் அதுதான், வாயால் வினவுவதும் அதுதான். பழைய இலக்கியத்தில் 'கேள்' என்றால் உறவு. வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்தார்; அங்கே அது செவிவழிக் கல்வி. வீட்டிலோ வேறு பொருள்: "சொன்ன பேச்சைக் கேள்." கேட்டல் என்றால் பணிதல். பெண்பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தரப்படும் பொருள் இந்தக் கடைசிப் பொருள்தான்.

அணை, சாலை, விமான நிலையம், அனல்மின் நிலையம் என்று ஓர் ஊருக்குள் ஏதாவது வரப்போகும்போது அரசு நடத்துகிற 'கருத்துக்கேட்புக் கூட்டம்' இவற்றில் எந்தப் பொருளில் கேட்கிறது என்பது என் நெடுநாள் ஐயம். கல்வெட்டுச் சொற்களோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டியவள் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

சோழர் காலத்தில் 'திருவாய்க்கேள்வி' என்று ஓர் அலுவல் இருந்தது. அரசன் திருவாய் மலர்ந்தருளியதைக் கேட்டு எழுத்தில் கொண்டுவருவது அந்த அலுவலரின் பொறுப்பு. அரசு சார்ந்த கேள்வி என்பது அன்றைக்கு மேலிருந்து கீழே இறங்கிய ஒன்று. இதைச் சொன்னால் உடனே உத்தரமேரூரைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுபிள்ளையைக் கொண்டு எடுக்கச் செய்த முறை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பொதுப்பணிகளுக்குத் தனித்தனிக் குழுக்கள். கணக்குக் காட்டாதவருக்கும் அவரது உறவினருக்கும் மறுபடி இடமில்லை. இதையெல்லாம் வகுப்பில் நானும் வியப்போடுதான் சொல்லித்தருகிறேன்.

ஆனால் அந்த ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமென்றால் கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். மந்திரபிராமணம் ஓதத் தெரிந்திருக்க வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் அந்த ஓலைகளில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும் இடத்தில் 'பறைச்சேரி', 'தீண்டாச்சேரி' என்ற பெயர்கள் வருகின்றன. இடமாக வருகின்றன, பேசுகிறவர்களாக வருவதில்லை. பெண்கள்? செம்பியன் மாதேவி போன்ற அரசியர் கற்றளி எடுத்தார்கள், தேவரடியார்கள் விளக்கெரிக்கப் பொன் கொடுத்தார்கள். ஆனால் பிராமணப் பெண் ஒருத்தி தன் நிலத்தை விற்கவோ கொடுக்கவோ வரும்போது அவளுக்காகப் பேச ஓர் ஆண் 'முதுகண்' நிற்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. நிலம் அவளுடையது, குரல் முதுகணுடையது. இந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. அந்த ஏற்பாடு ஒழிந்ததா என்பதை மேலே பார்க்கலாம்.

ஆங்கிலேயர் 1894இல் நிலமெடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது கேட்பது என்ற பேச்சே பெரிதாக இல்லை. பொது நோக்கம் எது என்று அரசு முடிவுசெய்யும். உரியவர் இழப்பீட்டுத் தொகையைப் பற்றி வழக்காடலாம். நிலத்தை எடுப்பதே சரியா என்று ஆட்சேபிக்க வழிசெய்த 5ஏ பிரிவு 1923இல்தான் சேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து மேட்டூர் அணை வேலை தொடங்கியது, 1934இல் முடிந்தது. நீர் வற்றும் கோடையில் பண்ணவாடி நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிந்ததும் செய்தித்தாள்கள் படம் போடுகின்றன. சுற்றுலாப் பயணிகள் பரிசலில் போய்ப் பார்த்து வருகிறார்கள். அந்த ஊர்களின் கிணற்றடிகளும் அடுப்படிகளும் நீருக்கடியில்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை.

5ஏ பிரிவு தந்த உரிமையும் எல்லோருக்கும் அன்று. 'நிலத்தில் அக்கறையுள்ள நபர்' மட்டுமே ஆட்சேபணை எழுதலாம். அக்கறை என்பது இங்கே மனத்தில் உள்ளது அன்று, பத்திரத்தில் உள்ளது. பட்டா அப்பாவின் பெயரில், பிறகு அண்ணன் பெயரில், கணவன் பெயரில். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தரும் திருத்தம் 1989இல் வந்தது. அதற்குமுன் மணமானவர்களை அது விலக்கிவைத்தது. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. சட்டம் வந்தபின்னும் "உடன்பிறந்தானிடம் போய்ப் பங்கு கேட்பாயா" என்ற ஒற்றைக் கேள்வியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பார்க்கலாம். களையெடுத்தவள், நாற்று நட்டவள், மாட்டுக்குப் புல் அறுத்தவள் நிலத்தில் அக்கறையற்றவளாகக் கோப்பில் நின்றாள். முதுகண் என்ற பெயர் மட்டும்தான் போயிற்று.

2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காகக் கல் நட்டபோது இது கண்முன்னே நடந்தது. 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இன்படி அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் அக்கறையுள்ளவர் ஆட்சேபணை தரலாம். அவ்வளவுதான் கேட்பு. தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவே நடப்பட்ட கல்லின்மேல் விழுந்து அழுத பெண்களைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அந்த அழுகையைச் செய்தியாக்கியவர்கள் அதை ஆட்சேபணையாகப் படிக்கவில்லை. 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்ச நீதிமன்றம், நிலமெடுப்பு அறிவிக்கை வெளியிடும் முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெறத் தேவையில்லை என்றது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 10இல், புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் உத்தரமேரூர்க் கல்வெட்டை நினைவுகூர்ந்தார். நாட்காட்டி சில சமயம் நம்மைவிடக் கூர்மையாக எழுதிவிடுகிறது.

இனி முறையான கருத்துக்கேட்புக்கு வருவோம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994 ஜனவரி 27இல் வந்தது. 1997 ஏப்ரலில் செய்த திருத்தம் பொது விசாரணைக்கு விதிமுறை வகுத்தது. இன்று நடப்பிலிருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. அதைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள், நல்ல விதிகள் பல உண்டு. 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். திட்ட இடத்திலோ அதன் அருகிலோ கூட்டம் நடக்க வேண்டும். அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், கூட்ட முடிவில் பதிவுகளை உள்ளூர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும். அதே விதிகளுக்குள் இன்னொரு வரியும் உண்டு: கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை எதுவும் தேவையில்லை. அதாவது ஒரு பெண்கூட வராவிட்டாலும் கருத்து கேட்கப்பட்டதாகவே பொருள். காலை பத்து, பத்தரை மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலிவேலைக்குப் போகிறவள் வர முடியாது. வந்தால் அன்றைய கூலி போயிற்று. முன்வரிசை நாற்காலிகளில் யார் உட்காருவார்கள், ஒலிபெருக்கி முதலில் யார் கைக்குப் போகும் என்பதை விதியில் எழுதத் தேவையில்லை. அது ஊரில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளூர் மொழியில் கட்டாயமாக வேண்டுவது சுருக்கம் மட்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ச் சுருக்கங்கள் சிலவற்றை மாணவிகளோடு உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். முதுகலைத் தமிழ் படிக்கிறவர்களுக்கே பொருள் பிடிபடாத வாக்கியங்கள். எழுவாய் இருக்காது. "நீர் பெறப்படும்", "மரங்கள் அகற்றப்படும்", "பாதிப்பு தணிக்கப்படும்." யார் பெறுவார், யார் அகற்றுவார், யாரிடம் போய்க் கேட்பது? செயப்பாட்டுவினை இவ்வளவு வசதியாக வேறெங்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை. 2020இல் புதிய வரைவு அறிவிக்கை வந்தபோது முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்க முயன்றார்கள். அந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. நாட்டு மக்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்ட ஆவணம் அது! அட்டவணை மொழிகள் 22இலும் மொழிபெயர்க்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்கவே வேண்டாம் என்று வழிசெய்து கொள்வதும் உண்டு. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு 1988இல் சோவியத் ஒன்றியத்துடன் ஒப்பந்தமாயிற்று, 1989இல் அனுமதி. 1994 அறிவிக்கைக்கு முந்தியது என்பதால் அந்த இரண்டுக்கும் கருத்துக்கேட்புக் கூட்டமே நடக்கவில்லை. 2011இல் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன் பந்தலில் பெண்கள் உட்கார்ந்தது, இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்க வேண்டிய ஒரு கூட்டத்தைத் தாங்களே கூட்டிக்கொண்டது போலத்தான் எனக்குப் படுகிறது. மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றியபடியே பேச்சைக் கேட்டார்கள். கூலியும் போகக்கூடாது, கூட்டமும் நிற்கக்கூடாது. அந்தப் பந்தலில் வருகைக் குறைவு ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை.

காவிரிப் படுகையிலும் இதுதான். 2017இல் நெடுவாசல் பெண்கள் வயலை விட்டு வந்து மரத்தடியில் அமர்ந்து ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்தார்கள். 2020 ஜனவரி 16இல், எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஒன்றிய அரசு அறிவிக்கையைத் திருத்தியது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இயற்றியது. மரத்தடி இல்லாவிட்டால் அந்தச் சட்டம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் பழைய 1894ஐ நீக்கி வந்தபோது பெண்ணியர் பலரும் ஆறுதல் கொண்டோம். காரணம் இருந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம். அதில் ஊராட்சியைக் கலக்க வேண்டும். விதவை, மணவிலக்குப் பெற்றவர், கைவிடப்பட்டவர் ஆகியோர் ஒவ்வொருவரும் தனிக் குடும்பமாகக் கொள்ளப்படுவார்கள். நிலமற்ற விவசாயக் கூலிகளும் மீனவரும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் வந்தார்கள். ஆனால் தனியார் திட்டத்துக்கு 80 விழுக்காடு, அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 விழுக்காடு ஒப்புதல் என்ற பிரிவைப் பாருங்கள். அந்த ஒப்புதல் நிலமோ மனையோ இழப்பவரிடமும் அரசு நிலம் ஒப்படைத்தவரிடமும் மட்டுமே பெறப்படும். கூலிப்பெண் பாதிக்கப்படலாம், இழப்பீடு பெறலாம். ஒப்புதல் தரவோ மறுக்கவோ அவளுக்கு இடமில்லை. கால்வேலி நிலம் வைத்திருந்தவரின் குடவோலை இன்னும் குடத்துக்குள்தான் கிடக்கிறது.

அந்தச் சட்டமும் எல்லா இடத்திலும் செல்லாது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட 13 மத்தியச் சட்டங்களுக்கு விலக்கு. தமிழ்நாடு 105ஏ என்றொரு பிரிவைச் சேர்த்துத் தன் மூன்று சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. அவற்றில் ஒன்று 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலமெடுப்பது இதன்கீழ்தான். 2019இல் உயர் நீதிமன்றம் 105ஏ செல்லாது என்றது. அதே ஆண்டு சட்டமன்றம் அவற்றை மீட்டு உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

எஞ்சியிருப்பது கிராம சபை. 73ஆவது திருத்தம் அதற்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் நடைமுறை தந்தது. உத்தரமேரூர்ச் சபையோடு ஒப்பிட்டால் இதுதான் உண்மையான புரட்சி: வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் உறுப்பினர். நிலம் வேண்டாம், வேதம் வேண்டாம், முதுகண் வேண்டாம். ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றிலொரு பங்கு இடமிருந்தது, 2016 முதல் சரிபாதி.

நடைமுறை எப்படி என்று பார்க்க மாணவிகள் சிலரோடு ஒரு கிராம சபைக்குப் போயிருந்தேன். ஊரின் பெயர் வேண்டாம். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை நேரே அங்கே கூட்டி வந்திருந்தார்கள். குறைவெண் வருகையை நிறைவுசெய்வது பெரும்பாலும் அவர்கள்தான். தீர்மானம் படிக்கும் முன்பே பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியாயிற்று. புதிய சிமெண்டு சாலை குறித்து ஒரு மூதாட்டி எழுந்து பேசினார். பழைய சாலையைப் பெயர்க்காமல் அதன்மேலேயே போட்டதால் சாலை வாசற்படிக்கு மேலே போய்விட்டது, மழை பெய்தால் தெருத்தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் வருகிறது, இராத்திரி முழுக்க நான்தான் முறத்தால் இறைக்கிறேன் என்றார். பொறியியல் தெரிந்தவர் சொல்ல வேண்டியதை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். "ஆகட்டும் பாட்டி, உட்காருங்க" என்றார்கள். பதிவேட்டில் அன்றைக்கு ஏறியது, சாலைப்பணி குறித்து விவாதிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது என்பது. மறுபடியும் செயப்பாட்டுவினை.

ஆனாலும் கிராம சபையை நான் தள்ளிவிட மாட்டேன். ஒடிசாவின் நியாம்கிரி மலையில் பாக்சைட் வெட்டுவது பற்றி, 2013 ஏப்ரல் 18ஆம் நாள் தீர்ப்பின்படி, 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே துணைநின்றது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன் விதிகளை 2012இல் திருத்தியபோது, கிராம சபை உறுப்பினரில் பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றிலொரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். காட்டு உரிமைக்கு இப்படி எழுத முடிந்த கை, சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக்கு மட்டும் வருகையே தேவையில்லை என்று எழுதுகிறது.

பரந்தூர்த் திட்டத்தில் வரும் 13 கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரம், 2022 முதல் ஒவ்வொரு கிராம சபையிலும் விமான நிலையம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு வருகிறது. உத்தரமேரூர் இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டம்தான். சட்டப்படி அந்தத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது. ஊருக்கும் இது தெரியும். பகலில் வயல்வேலை இருப்பதால் போராட்டக் கூட்டத்தை இரவில் வைத்தார்கள். சமைத்து முடித்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள்.