ஈழத்துத் தமிழ்ப் படங்கள் நான்கு

எங்கள் டிக்கோயாப் பக்கத் தோட்டங்களில் படம் என்றால் தமிழகத்துப் படம்தான். இலங்கையிலும் நல்ல தமிழ்ப் படங்கள் வந்தன என்றால் இளையவர்கள் வியக்கின்றனர். சிரிக்க விரும்புவோருக்கு, வானொலி நாடகத்திலிருந்து பிறந்த 'கோமாளிகள்' (1976). கலைப்பட ரசிகருக்கு, சிங்கள நெறியாளர் தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி' (1977). நாவல் பிரியருக்கு, செங்கை ஆழியானின் கதையான 'வாடைக்காற்று' (1978).

ஆயினும் என் முதல் தெரிவு 'புதிய காற்று' (1975). தயாரித்தவர் மலையகத் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன், கதை தெளிவத்தை ஜோசப். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவாகி, லயங்கள் வெறுமையாகிக்கொண்டிருந்த காலம் அது. அவ்வேளையில் தோட்டத் தொழிலாளியின் வாழ்வு திரைக்கு வந்ததே பெரிய காரியம். நாயகனிடம் தமிழகச் சாயல் சற்றுத் தூக்கல்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. ஈழத்துப் படச்சுருள்கள் பலவும் அழிந்தன. எங்கேனும் ஒரு பிரதி கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.